எம்எல்ஏ காதில் ஒரு ஆய்வாளரின் வாதத்தைப் போடுவது எப்படி?

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீங்க, ஒரே ஒரு வாதம் போதும். நான் எடுப்பது அமெரிக்க அரசியல் அறிவியலாளர் மைரன் வீனர் இந்தியாவைப் பற்றி 1991-ல் எழுதியது: பிள்ளைகள் வேலைக்குப் போவதற்கு வறுமையை மட்டும் காரணம் சொல்ல முடியாது, ஏழைப் பிள்ளை உழைப்பது இயல்புதான் என்று அதிகாரிகளும் படித்தவர்களும் நினைப்பதே பெரிய தடை, கட்டாயக் கல்விதான் வழி. 2009-ல் 6 முதல் 14 வயது வரைக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது.

அப்புறம் நம்மூருக்கு இறக்குங்கள். பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில், காதில் பஞ்சு ஒட்டியிருக்க, தாரில் நூல் சுற்றிக்கொண்டிருக்கும் பையன் எட்டாவதோடு நின்றவன் என்றால், சட்டம் அவனை அங்கேயே விட்டுவிட்டது என்று அர்த்தம். ஒன்பதாவதில் சேராதவர்கள் எத்தனை பேர் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதை அரைப் பக்கத்தில் தமிழில் எழுதுங்கள்.

கல்யாண மண்டபத்தில் எம்எல்ஏவைப் பிடித்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். காலையில் வீட்டுக்கே போய், “ஏனுங்க, இந்தப் பசங்க பன்னெண்டாவது வரைக்கும் படிக்க நீங்க சட்டசபையில கேக்கோணும்” என்று நேராகச் சொல்லுங்கள். மே 1 கிராம சபையில் அதையே தீர்மானமாக ஏற்றி, நகலை வாங்கிக்கொண்டு வாங்க.