கலைக் கத்தி வாங்கப் போகிறீர்களா, முதலில் பிடியை விடுங்கள்

கைவேலைக் கத்தி சேகரிக்கத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் மயங்குவது பிடியில்தான். முத்துச்சிப்பி, தங்கக் கம்பி, செதுக்கு வேலை என்று கண்ணைப் பறிக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். ஆனால் செய்தவரின் கைத்திறன் தெரிவது அலகும் பிடியும் சேரும் இடத்தில், அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

விற்பவரிடம் கேட்டுவிட்டுக் கையில் எடுங்கள், அலகில் விரல் படக் கூடாது. அலகுக்கும் பிடிக்கும் நடுவில் இருக்கும் உலோகக் காப்பும் பிடியும் சேரும் கோட்டின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டினால் எங்கேயும் தட்டக் கூடாது. அப்புறம் முதுகு மேலே வரும்படி திருப்பி, அலகின் சரிவு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். கண்ணாடி மாதிரி மெருகேற்றிய அலகு என்றால் டியூப்லைட் வெளிச்சத்தை அதில் விழவைத்து மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள், அந்த வெளிச்சக் கோடு ஓரிடத்தில் திடீரென்று நெளிந்தால் அங்கே தேய்ப்பு சரியில்லை. இதில் தேறாத கத்திக்கு எவ்வளவு தங்கம் பதித்திருந்தாலும் நான் காசு கொடுக்க மாட்டேன்.

அலகில் வரி வரியாகத் தெரியும் கத்தியை டமாஸ்கஸ் என்று சொல்லி விற்கும்போது இன்னும் கவனம் வேண்டும். இன்றைய டமாஸ்கஸ் பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தது. அமிலத்தில் தோய்த்ததும் நிக்கல் கலந்த அடுக்கு பளிச்சென்று நிற்கும், மற்றது கறுத்துவிடும். 1973இல் கத்திக் கொல்லர் பில் மோரன் அமெரிக்காவில் காட்சிக்கு வைத்த பிறகுதான் இது அங்கே பரவியது. வரிகள் முதுகிலும் தொடர வேண்டும், முதுகு மொட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தென்னிந்தியாவில் மூசை என்ற மண் குடுவையில் உருக்கி, பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் போன நம்ம ஊர் உருக்கு முற்றிலும் வேறு சரக்கு. இரண்டையும் ஒன்றாக்கிக் கதை சொல்லும் வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

அலகில் எம்.எஸ். என்று முத்திரை இருந்தால், செய்தவர் அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற, 1976இல் தொடங்கப்பட்ட கத்திக் கொல்லர் சங்கத்தின் மாஸ்டர் ஸ்மித். தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, கட்டையை வெட்டி, அதற்குப் பிறகும் கை முடியை மழிக்கும் கத்தியை வைஸ் என்ற இறுக்கியில் மாட்டி 90 டிகிரி வளைத்துக் காட்டியவர். ஆனால் உலையில் காய்ச்சி அடிக்காமல் எஃகுப் பட்டையைத் தேய்த்தே கத்தி செய்த பாப் லவ்லெஸ் போன்ற பெரிய கைகளும் உண்டு, முத்திரை இல்லை என்று அவர்களை ஒதுக்க முடியாது. லவ்லெஸ் பெயரில் போலிகள் ஏராளம், கைமாறி வந்த விவரம் இல்லாமல் தொடவே வேண்டாம். முதல் கத்தியை இப்போதும் பட்டறையில் வேலை செய்பவரிடமே வாங்குவது நல்லது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் பெரும்பாலும் ஜூன் மாதம் நடக்கும் பிளேட் ஷோ என்ற கத்திக் கண்காட்சியில் செய்தவரே மேசைக்குப் பின்னால் நிற்பார், என்ன எஃகு, எப்படிப் பதப்படுத்தினீர்கள் என்று நேரடியாகக் கேட்கலாம்.

யானைத் தந்தப் பிடி வேண்டவே வேண்டாம். எப்போதோ அழிந்துபோன மாமத் யானையின் தந்தத்தைக்கூட நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியாவில் விற்கத் தடை இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், தோலில் இருக்கும் ஈரமும் பதனிட்ட ரசாயனமும் அலகைத் துருப்பிடிக்க வைக்கும். மென்துணியால் துடைத்து மெல்லிய மெழுகு பூசித் தனியாக வையுங்கள். ரசீதும் செய்தவர் எழுதிக் கொடுத்த தாளும் இருந்தால் அதே பெட்டியில் போட்டுவையுங்கள், பிறகு விற்க நினைத்தால் முதலில் கேட்பது அதைத்தான்.