வைகாசியில் மாடி பார்க்காதீர்கள்

மதுரை வில்லாபுரத்தில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறேன். கஞ்சி போட்ட துணியை விரித்துக் காயப்போட மொட்டை மாடிதான் எனக்குப் பட்டறை. இந்த வீட்டை வைகாசியில் வந்து பார்த்தேன். தெற்கே மூன்று தளத்தில் ஒரு வீடு நின்றது. ஆனாலும் என் மாடி முழுக்க வெயில், சந்தோஷமாக அட்வான்ஸ் கொடுத்தேன். மார்கழி வந்தது, பொங்கல் ஆர்டர் கையில் இருக்க, மாடியில் மூன்றில் ஒரு பங்கு பகலெல்லாம் நிழல்.

தப்பு என்னுடையதுதான். சித்திரைப் பிறப்பையொட்டி மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் வரும், ஆவணியில் மறுபடி வரும். நடுவில் நாலு மாதம் அது நமக்கு வடக்கே. அப்போது தெற்கு வீட்டு நிழல் நம் பக்கம் எட்டியே பார்க்காது. மற்ற எட்டு மாதமும் உச்சி நிழல் வடக்கே விழும், மார்கழியில்தான் அது மிக நீளம்.

அதனால் டிசம்பர் 21, 22 வாக்கில் மாடி ஏறுங்கள். மூன்றடிக் கம்பு ஒன்றைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நிறுத்துங்கள். மதுரைக்கு உச்சிப்பொழுது அப்போது கடிகாரத்தில் 12 அல்ல, ஏறக்குறைய 12.15. நிழல் இரண்டடி இருக்கும். அதாவது உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. காலை 9.15க்கு அளந்தால் நாலேகால் அடி, வடமேற்காகச் சாய்ந்திருக்கும். மாலை மூன்றேகாலுக்கு அதே நீளம், வடகிழக்கே.

மார்கழி வரை பொறுக்க முடியாதவர்கள் கணக்குப் போடலாம். தளத்துக்குப் பத்தடி, கைப்பிடிச்சுவர் மூன்றடி. மூன்று தள வீடு 33 அடி. என் மாடி 11 அடியில் இருக்கிறது, மிச்சம் 22. உச்சியில் நிழல் பதினாலரை அடி. இடையில் சந்து ஐந்தடி. ஆக என் மாடியில் ஒன்பதரை அடி போச்சு. காலை ஒன்பதேகாலுக்கு நிழல் நீளம்தான், ஆனால் சாய்வாக விழும்; நேர் வடக்காக அளந்தால் என் மாடியில் பதினாலு அடி போகும். தெற்கே காலி மனை என்றாலும் மூன்று தளம் எழும்பிவிட்டதாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். தெற்கே ரோடு இருக்கும் மனை கிடைத்தால் விலை கொஞ்சம் கூட என்றாலும் யோசிக்காதீர்கள்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருடம் தடையில்லாமல் வந்த வெளிச்சத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அது கட்டடத்துக்குள் வரும் வெளிச்சத்துக்கு. மொட்டை மாடியில் காயும் சேலைக்கு அதை நம்ப முடியாது. தெற்கு வீட்டில் அஸ்திவாரம் தோண்டும் முன்னே போய்ப் பேசுவதுதான் பலன் தரும். மாடிப்படி ரூமைத் தெற்கு ஓரத்துக்குத் தள்ளிக்கொள்வார்களா என்று கேளுங்கள். உயரமான பகுதி எட்டப் போனால் நிழலும் எட்டப் போகும்.

சோலார் போடுகிறவர்களுக்கு ஒன்று. தண்ணீர்த் தொட்டி கன்னி மூலையில்தான், அதாவது தென்மேற்கில்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடிப்பார்கள். சரி, வைக்கட்டும். மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் வடகிழக்கே நீளும், அந்தப் பக்கம் பேனல் வேண்டாம். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுக்க மின்சாரம் குறையலாம்.

அப்புறம் என் மாடி. சாயப் பானைக்குக் கொட்டகை போட வேண்டியிருந்தது. கொத்தனார் நடுவில் போடச் சொன்னார். வடக்கு வீட்டு அக்காவின் துளசி மாடம் ஞாபகம் வந்தது. என் நிழல் அவர்களுக்குத்தானே. தெற்குச் சுவரோரம் நாலடி அகலம், எட்டடி உயரம் போதும் என்றேன். அதன் உச்சி நிழல் மார்கழியிலும் ஒன்பதரை அடியைத் தாண்டாது. ஏற்கெனவே இருட்டான இடத்தில் பானைகள், வெயில் உள்ள இருபதடியில் சேலைகள்.