மாறும் ஆபத்துக்கு விலை வைப்பது எப்படி: சென்னையில் ஓடும் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம், படிப்படியாக

கார் பாலிசியில் இரண்டு பிரீமியங்கள் உண்டு. அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே அறிவிக்கிறது. கம்பெனி அதைத் தொட முடியாது. நம் காருக்கே வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 2007 ஜனவரியிலிருந்து கட்டணக் கட்டுப்பாடு இல்லை. அந்த விலையை ஆக்சுவரி (காப்பீட்டுக் கணக்கு நிபுணர்) கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

கணக்கின் அடிப்படை எளியது. நூறு கார்களுக்கு ஆண்டுக்கு எத்தனை கிளெய்ம் வரும், ஒரு கிளெய்முக்குச் சராசரியாக எவ்வளவு செலவாகும், இரண்டையும் பெருக்கினால் ஒரு காருக்கான இழப்புச் செலவு கிடைக்கும். சிக்கல் எங்கே என்றால், கையில் இருப்பது கடந்த ஆண்டுகளின் கிளெய்ம். விற்கப்போவது வரும் ஆண்டின் பாலிசி. இடையில் உதிரி பாகங்களின் விலை ஏறியிருக்கும், மின்சாரக் கார்கள் கூடியிருக்கும், ஏரியை ஒட்டிப் புதுக் குடியிருப்புகள் வந்திருக்கும். பழைய எண் ஒவ்வொன்றையும் எடுத்து, பாலிசி உண்மையில் நடப்பில் இருக்கப்போகும் காலத்துக்கு நகர்த்துவதே வேலையின் பெரும்பகுதி. கீழே வரும் கம்பெனிக் கணக்குகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

முதலில் வெள்ளத்தைத் தனியே எடுங்கள்

2022–23, 2023–24, 2024–25 ஆகிய மூன்று நிதியாண்டுகளின் கிளெய்ம் பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் மூழ்கிய கார்களும் அதில் இருக்கும். அவற்றை அப்படியே விட்டால் 2023–24ன் சராசரி எகிறும். அதன் மேல் போக்குக் கோடு வரைந்தால் அந்தக் கோடும் பொய் சொல்லும். மிக்ஜாம் வராத வேறொரு மூன்றாண்டை எடுத்திருந்தால் வெள்ளச் செலவே இல்லாததுபோலத் தெரிந்திருக்கும். இரண்டுமே தவறு. எனவே காரணக் குறியீட்டையும் தேதியையும் வைத்து வெள்ளக் கிளெய்ம்களை வேறு கோப்பில் போடுங்கள். காரணக் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீரில் நின்றுபோன இன்ஜின் பலமுறை "மெக்கானிக்கல்" என்றோ "இதர" என்றோ பதிவாகியிருக்கும். புயல் தேதியிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வந்த கிளெய்ம்களின் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) அறிக்கையைத் திறந்து பார்ப்பதே பாதுகாப்பு.

மிச்சமிருப்பவை உரசல், மோதல், கண்ணாடி உடைதல், திருட்டு. இவை ஆண்டுதோறும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வருபவை. 2024–25ல் 1,00,000 கார்-ஆண்டுகளுக்கு (ஒரு கார் ஓராண்டு காப்பீட்டில் இருந்தால் ஒரு கார்-ஆண்டு) 14,000 கிளெய்ம், சர்வேயர் கட்டணம் சேர்த்துச் சராசரி ரூ.28,000. ஒரு காருக்கு ரூ.3,920. இன்னும் முடியாத கிளெய்ம்களுக்காக 1.02 மடங்கு. ஓன் டேமேஜ் கிளெய்ம்கள் சில மாதங்களில் தீர்ந்துவிடுவதால் இந்தப் பெருக்கம் சிறியது. ஆக ரூ.3,998.

எவ்வளவு காலம் நகர்த்துவது?

அதிகம் தவறுவது இங்கேதான். புது விலை 2026 ஏப்ரல் 1 முதல் ஓராண்டு நடப்பில் இருக்கும் என்றால், 2027 மார்ச் 31 அன்று விற்கும் பாலிசி 2028 மார்ச் வரை ஓடும். எல்லாப் பாலிசிகளின் விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் நடுத்தேதி 2027 ஏப்ரல் 1. 2024–25 தரவின் நடுத்தேதி 2024 அக்டோபர் 1. இடைவெளி இரண்டரை ஆண்டு. விலை அமலுக்கு வரும் தேதியோடு நிறுத்திக்கொள்பவர் ஒன்றரை ஆண்டு மட்டுமே நகர்த்துகிறார். ஆண்டுக்கு 7% செலவேற்றம் இருந்தால் விற்கும் நாளிலேயே சுமார் 6.5% குறைந்த விலை. அதே கணக்கில் 2023–24க்கு மூன்றரை ஆண்டு, 2022–23க்கு நாலரை. மூன்றாண்டு ஓன் டேமேஜ் பாலிசி விற்பதானால் நடுத்தேதி 2028 ஏப்ரல் 1க்குப் போய்விடும்.

சராசரித் தொகை ஆண்டுக்கு 7% ஏறுகிறது, கிளெய்ம் எண்ணிக்கை 1% குறைகிறது என்று கொண்டால், இரண்டரை ஆண்டுக்குப் பெருக்கு எண் 1.184 × 0.975 = 1.155. 3,998ஐப் பெருக்கினால் சுமார் ரூ.4,620.

அந்த 7% எங்கிருந்து வந்தது என்பதைக் கிண்டிப் பார்க்காமல் விடாதீர்கள். ஜீரோ டெப் ஆட்-ஆன் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத காரின் கிளெய்மில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள். ஆட்-ஆன் இருந்தால் கழிப்பதில்லை. ஜீரோ டெப் சராசரி ரூ.34,000, மற்றது ரூ.22,000 என்று வைப்போம். ஜீரோ டெப் கிளெய்ம்களின் பங்கு 40%லிருந்து 60% ஆனால், மொத்தச் சராசரி ரூ.26,800லிருந்து ரூ.29,200 ஆகும். எந்தப் பாகமும் ஒரு ரூபாய்கூட ஏறாமலே 9% ஏற்றம். இதை விலைவாசி என்று எடுத்துக்கொண்டால், ஆட்-ஆனுக்குத் தனியாக வாங்கும் பிரீமியத்தையும் சேர்த்து ஒரே காரணத்துக்கு இரண்டு முறை வசூலிக்கிறோம். கலவை மாற்றத்தைப் பிரிக்க நேரான வழி ஜி.எல்.எம். (ஒவ்வொரு காரணியின் பாதிப்பையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் புள்ளியியல் மாடல்). கிளெய்ம் எண்ணிக்கைக்குப் பாய்சான் பரவல், தொகைக்குக் காமா பரவல், இரண்டிலும் லாக் இணைப்பு (காரணிகள் ஒன்றையொன்று பெருக்கும்படி). கார் மாடல், வயது, எரிபொருள், ஊர், என்.சி.பி. (கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி), ஆட்-ஆன் ஆகியவற்றோடு விபத்து ஆண்டையும் ஒரு காரணியாக உள்ளே விடுங்கள். மற்றவை விளக்கியது போக ஆண்டுக்கு மிஞ்சும் குணகமே உண்மையான போக்கு.

மாடலைச் சோதிக்கும்போது, பழக்க ஒரு பகுதி, சோதிக்க ஒரு பகுதி என்று தரவைக் குலுக்கிப் பிரிக்க வேண்டாம். ஒரே ஆண்டின் கிளெய்ம்கள் இரண்டு பக்கமும் போய், மாடல் நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். முதல் இரண்டு ஆண்டுகளில் பழக்கி மூன்றாம் ஆண்டில் சோதியுங்கள். மாறும் ஆபத்துக்கு இந்தச் சோதனைதான் பொருந்தும்.

என்.சி.பி. பற்றியும் ஒரு எச்சரிக்கை. தொடர்ந்து கிளெய்ம் இல்லாவிட்டால் 20%இல் தொடங்கி 50% வரை தள்ளுபடி. அதை இழக்க விரும்பாதவர் சின்ன உரசலைக் கைக்காசில் சரிசெய்துகொள்வார். எண்ணிக்கை குறையும், சராசரி ஏறும். இரண்டு போக்கையும் தனித்தனியே பார்த்தபின், பெருக்கிய தொகையின் போக்கையும் பாருங்கள். அது நிதானமாக இருந்தால் மற்ற இரண்டிலும் தெரிவது வாடிக்கையாளரின் பழக்க மாற்றம்.

வெள்ளச் செலவு

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவைத் தாக்கும்வரை, கடந்த சில பத்தாண்டு இழப்புகளின் சராசரியையே புயல் செலவாகச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அமைதியாகக் கழிந்த ஆண்டுகளின் சராசரி அது. பல கம்பெனிகள் திவாலான பிறகுதான், புயலின் பாதை, காற்றின் வேகம், கட்டடத்தின் தன்மை என்று இழப்பைக் கட்டியெழுப்பும் மாடல்கள் பரவலாயின. சென்னைக் கார்களுக்கும் முறை இதுவே: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எத்தனை சதவீதக் கார்கள் மூழ்கும், மூழ்கினால் எவ்வளவு.

மூழ்கும் விகிதத்துக்கு 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் நல்ல ஆதாரம். அந்நாளைய இழப்பை விலைவாசியால் பெருக்குவது போதாது. அன்று மூழ்கிய பகுதிகளை வரைபடத்தில் குறித்து, இன்று அதே இடத்தில் நாம் காப்பீடு செய்துள்ள கார்கள் எத்தனை, அவற்றின் ஐ.டி.வி. (பாலிசியில் குறித்த கார் மதிப்பு) எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். பின்கோடு போதுமான நுணுக்கம் தராது. வேளச்சேரிக்குள்ளேயே ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு காயும். நிலத்தின் உயரமும், அடையாறு, பள்ளிக்கரணை சதுப்பு போன்ற நீர்நிலைகளிலிருந்து உள்ள தூரமும் வேண்டும். அடுக்குமாடியில் கார் பேஸ்மென்டில் நிற்கிறதா, தரைத்தள ஸ்டில்ட்டிலா என்ற ஒரு கேள்வி பல சிக்கலான மாறிகளைவிட அதிகம் சொல்லும். பதிவு எண்ணை வைத்து ஊரை முடிவுசெய்வது பெரிய ஓட்டை: திருநெல்வேலியில் பதிவான கார் ஆண்டு முழுக்கச் சோழிங்கநல்லூரில் நிற்கலாம். இரவில் கார் நிற்கும் முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

மூழ்கிய காரின் செலவும் மாறிக்கொண்டிருக்கிறது. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75%ஐத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது கார் முழுதும் போனதாகக் கணக்கு. சென்சாரும் கன்ட்ரோல் யூனிட்டும் நிறைந்த காரில் தண்ணீர் சீட் மட்டத்தைத் தொட்டாலே அந்தக் கோட்டை எட்டிவிடலாம். மின்சாரக் காரில் பேட்டரி பேக் கெட்டால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் பிடித்துக்கொள்வது பொதுவாக அடிப்படைப் பாலிசியில் வராது. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆனில் வரும். தாழ்வான பகுதியில் இருப்பவரே அதை அதிகம் வாங்குவார் என்பதால், அதற்கு ஊர் முழுக்க ஒரே விலை வைத்தால் நஷ்டம் உறுதி.

அடுத்து, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7% கூடுகிறது. கனமழைக்கு வலு கூடும் என்று எதிர்பார்க்க அதுவே போதும். ஆனாலும் இரண்டு மூன்று வெள்ளங்களின் நடுவே கோடு இழுத்து 2050க்கு நீட்டுவதில் பயனில்லை. ஓராண்டுப் பாலிசியின் விலையை ஆண்டுதோறும் மாற்றலாம். அடுத்த இரண்டாண்டில் பருவநிலை நகரும் தூரம் சிறியது; நாம் கையில் வைத்திருக்கும் "10 ஆண்டுக்கு ஒருமுறை" ஏற்கெனவே பழசாகிவிட்டதா என்பதுதான் பெரிய தொகையைத் தீர்மானிக்கும். அதற்கு ஒரே விடையில் நிற்காமல் எடை போடுங்கள்: 10 ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்கு 50%, 7 ஆண்டுக்கு 35%, 5 ஆண்டுக்கு 15%. ஆண்டு வாய்ப்பாக மாற்றிக் கூட்டினால் 0.05 + 0.05 + 0.03 = 0.13. ஆண்டுகளைச் சராசரி எடுத்து 8.2 என்று கண்டு, அதைத் தலைகீழாக்கினால் 0.122 வரும். அது எப்போதும் குறைத்தே காட்டும். வாய்ப்புகளைத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

ஒரு வெள்ளத்தில் தாழ்வான பகுதியில் 6% கார்கள் மூழ்கும், மேட்டில் 0.5%, சராசரி இழப்பு ரூ.1,80,000 என்றால், 0.13ஐயும் சேர்த்துப் பெருக்க, தாழ்வில் ஒரு காருக்கு ரூ.1,404, மேட்டில் ரூ.117.

விலையாக்குவது

பேரிடருக்கு வாங்கும் மறுகாப்பீட்டின் (கம்பெனி தனக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீடு) விலை, அதிலிருந்து எதிர்பார்க்கும் வசூலைவிட அதிகம். அந்த வித்தியாசமும் செலவு. அதை மூழ்கும் பகுதிக்கே அதிகம் ஏற்ற வேண்டும். தாழ்வுக்கு ரூ.150, மேட்டுக்கு ரூ.20 என்க. பாலிசிக்கான நிலையான நிர்வாகச் செலவு ரூ.400. பிரீமியத்தின் சதவீதமாகப் போகும் கமிஷன் முதலியவை 20%, லாபம் 5%. இந்த 25%ஐ இழப்பின் மேல் கூட்டக் கூடாது; 0.75ஆல் வகுக்க வேண்டும்.

தாழ்வு: (4,620 + 1,404 + 150 + 400) ÷ 0.75 = ரூ.8,765.
மேடு: (4,620 + 117 + 20 + 400) ÷ 0.75 = ரூ.6,876.

கார்களில் ஐந்தில் ஒரு பங்கு தாழ்வில் இருந்தால் சராசரி ரூ.7,254. எல்லோருக்கும் அதையே வைத்தால், மேட்டுக்காரர் 6,900க்கு விற்கும் கம்பெனிக்குப் போவார். தாழ்வுக்காரர் நம்மிடமே தங்குவார். ஒவ்வொருவரிடமும் வாங்க வேண்டியதைவிட ரூ.1,500 குறைவாக வாங்குவோம், சராசரி சரியாக இருந்தும்.

தரவு குறைவான கார்கள்

புது மின்சார மாடலுக்கு 270 கிளெய்ம் மட்டுமே இருக்கிறது. அதன் இழப்புச் செலவு ரூ.6,000 என்று காட்டுகிறது. எவ்வளவு நம்பலாம்? கிளெய்ம் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், 90% உறுதியோடு 5%க்குள் இருக்க 1,082 கிளெய்ம் வேண்டும். தொகையின் ஏற்ற இறக்கத்தையும் சேர்க்க வேண்டும்; நியமவிலக்கம் (தொகைகள் சராசரியிலிருந்து விலகும் அளவு) சராசரியைப்போல் இரண்டு மடங்கு என்றால் 1,082 × (1 + 2²) = 5,410. 270ஐ 5,410ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.22. ஆக 0.22 × 6,000 + 0.78 × 4,620 = சுமார் ரூ.4,920. இங்கே 1,082ஐப் போட்டு 0.5 என்று எடுப்பவர் சின்னத் தரவை இரண்டு மடங்குக்கு மேல் நம்புகிறார். மறுபுறம், 4,620 என்பது பெரும்பாலும் பெட்ரோல் கார்களின் எண். அதே நிறுவனத்தின் பெட்ரோல், மின்சார மாடல்களின் பம்பர், ஹெட்லைட், கதவு விலைகளை ஒப்பிட்டு அந்த எண்ணைத் திருத்திய பிறகே கலப்பது நல்லது.

தேர்ட் பார்ட்டி

விலை நம் கையில் இல்லாவிட்டாலும், எந்த வண்டியை எவ்வளவு சேர்ப்பது என்பதற்காக இந்தக் கணக்கும் வேண்டும். இதில் மாற்றம் நீதிமன்றத்திலிருந்து வருகிறது. 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், விபத்தில் இறந்த 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவரின் இழப்பீட்டைக் கணக்கிடும்போதும் அவர் வருமானத்தோடு எதிர்கால உயர்வாக 40% சேர்க்கச் சொன்னது. இப்படியான தீர்ப்பு நிலுவையில் உள்ள பழைய விபத்துகளையும் ஒரே சமயத்தில் உயர்த்தும். வழக்கமான செயின் லேடர் கணக்குக்கு (பழைய கிளெய்ம்கள் ஆண்டுக்காண்டு வளர்ந்த வேகத்தை வைத்து மீதியை மதிப்பிடும் முறை) இது தெரியாது. விபத்து ஆண்டு, கழிந்த ஆண்டு என்று அடுக்கிய கிளெய்ம் முக்கோணத்தின் கடைசி மூலைவிட்டத்தை, அதாவது அண்மை ஆண்டின் எண்களை, தனியே பார்த்துத் திருத்த வேண்டும்.

விற்ற பிறகு

மாதந்தோறும் எதிர்பார்த்த கிளெய்மையும் வந்த கிளெய்மையும் பகுதிவாரியாக ஒப்பிடுங்கள். அதற்கு முன்னரே துப்புத் தருவது வேறொரு எண்: விலை கேட்டவர்களில் வாங்கியவர் எத்தனை பேர். தாழ்வுப் பகுதியில் அந்த விகிதம் திடீரென்று ஏறினால், போட்டியாளர்கள் அங்கே விலையை ஏற்றியிருக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். புதுப்பிக்கும் வாடிக்கையாளருக்கு ஒரே ஆண்டில் 20%க்கு மேல் ஏற்றுவதில்லை என்று வரம்பு வைத்திருந்தால், அந்த வரம்பால் வசூலாகாமல் போகும் தொகையையும் பகுதிவாரியாகக் கணக்கில் எழுதி வையுங்கள்.