வேன் துரு: அடைபட்டிருந்த ஓட்டைதான் காரணம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் கடற்காற்றில் நிற்கிறது என் பழைய கேம்பர் வேன். பக்கக் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளித்தது. சுரண்டி, புட்டி அப்பி, பெயின்ட் அடித்தேன். மழை வந்ததும் அதே இடத்தில் கொப்புளம். துரு தின்னும் மருந்தும் தடவிப் பார்த்தாயிற்று.

ஒருநாள் சரிவில் திருப்பும்போது தகட்டுக்குள் தண்ணீர் சளசளத்தது. அடிவிளிம்பில் தண்ணீர் வடிய இருக்கும் சின்ன ஓட்டைகளைப் பழைய தார்ப்பூச்சு அடைத்திருந்தது! ஜன்னல் ரப்பர் வழியே இறங்கிய மழைநீர் உள்ளேயே தங்கி, தகட்டை அரித்திருக்கிறது.

கம்பியால் குத்தித் திறந்தேன், ரப்பரை மாற்றினேன். அப்புறம் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை வெட்டி, புதுத் தகடு வெல்டிங், எபாக்சி பிரைமர் (ஈரம் புகாமல் தடுக்கும் அடிப்பூச்சு), அதன்மேல்தான் புட்டி. ஏனென்றால் புட்டி ஈரத்தை இழுக்கும். பெயின்ட் காய்ந்தபின், துரு பிடிக்காமலிருக்கத் தகட்டின் உட்பக்கம் மெழுகு ஸ்பிரே. ஓட்டைகளில் மெழுகு சொட்டி நின்றதும் மறுபடி கம்பி விடுங்கள், இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும்.