ஸ்பைடர்-வெர்ஸை இரண்டாம் முறை பார்ப்பது எப்படி: மைல்ஸின் அசைவைப் பிடிக்க ஒரு வழிகாட்டி

‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ 2018 டிசம்பரில் வந்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது. இன்றைக்கும் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப்பேர் ‘செம விஷுவல்ஸ்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். பள்ளிக்கூடம் போகும் பையன் மைல்ஸ், சிலந்தி கடித்து ஸ்பைடர்-மேன் ஆனபின் தன் கைகாலோடு ஒத்துப்போகக் கற்றுக்கொள்வதுதான் கதை. அதை இந்தப் படம் வசனத்தைவிட அவனுடைய அசைவின் வழியாகவே அதிகம் சொல்கிறது. அசைவைப் பார்க்கத் தெரிந்தால், ‘எனக்கு ஏன் பிடித்தது’ என்பதற்கு உங்களிடமே பதில் இருக்கும்.

இது ஏற்கெனவே ஒரு முறை பார்த்தவர்களுக்கு. கதையின் முடிச்சுகள் எல்லாம் கீழே அவிழும். இன்னும் பார்க்காதவர்கள் டிவி பற்றிய பகுதியை மட்டும் படித்து அதன்படி செய்துவிட்டு, 117 நிமிடமும் நிறுத்தாமல் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படத்தை வீட்டில் கெடுப்பது பெரும்பாலும் டிவிதான். சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. இப்போதைய டிவிகள் அந்த ஃப்ரேம்களுக்கு நடுவே தாமாகவே புதுப் படங்களை உருவாக்கிச் செருகி, அசைவை வழவழவென்று ஆக்கிவிடுகின்றன. எந்தப் படத்தைப் போட்டாலும் மெகா சீரியல் பார்ப்பது மாதிரி இருந்தால் காரணம் இதுதான். மற்ற படங்களுக்கு அது எரிச்சலோடு போய்விடும். இந்தப் படத்துக்கோ உயிரே போய்விடும். ஏனென்றால் இதில் பல இடங்களில் கதாபாத்திரத்தின் ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃப்ரேம் நேரத்துக்கு வேண்டுமென்றே நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியைக் குறை என்று நினைத்து டிவி நிரப்பப் பார்க்கிறது. விரல் ஓரங்கள் குழைகின்றன, முகத்தில் இருக்கும் புள்ளிகள் நீந்துகின்றன, பின்னணி வழுக்கிக்கொண்டு போக ஆள் மட்டும் தடுக்குகிறான்.

சாம்சங் டிவியில் இந்த வசதிக்கு ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’ என்று பெயர். எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. மூன்றுமே படத்துக்கான செட்டிங்ஸுக்குள் இருக்கும். முழுவதுமாக ‘ஆஃப்’ செய்யுங்கள். குறைத்து வைத்தால் போதாது. சமீப ஆண்டுகளில் வந்த பல டிவிகளில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இதெல்லாம் ஒரே தட்டில் அணைந்துவிடும்.

அப்படியே ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். படம் முழுக்கப் பழைய காமிக்ஸ் அச்சில் இருப்பதுபோல் ஹாஃப்டோன் புள்ளிகளும் சாய்கோடுகளும் உண்டு. டிவி அவற்றைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். ‘ஷார்ப்னஸ்’ஸையும் நன்றாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் புள்ளிகளைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். போன் டேட்டாவில் 480பி-யில் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் கலங்கிச் சேறாகத்தான் தெரியும். குறைந்தது 1080பி வேண்டும். ப்ளூ-ரே கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

ஓர் எச்சரிக்கை: இறுதிச் சண்டையிலும், வேறு உலகங்களுக்கு வழி திறக்கும் கொலைடர் இயந்திரம் இயங்கும் காட்சிகளிலும் வெளிச்சமும் நிறமும் மிக வேகமாக மின்னும். வலிப்பு நோய் உள்ளவர்களோ, மின்னும் ஒளியால் தலைவலி வருபவர்களோ வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

‘3டி கண்ணாடி இல்லாமல் பார்ப்பது மாதிரி இருக்கிறது’

புதிதாகப் பார்ப்பவர்கள் சொல்லும் முதல் புகார் இது. கேமரா ஃபோகஸில் இல்லாத பொருளை மற்ற படங்கள் மங்கலாகக் காட்டும். இந்தப் படம் பல இடங்களில் நிறங்களைப் பிரித்து, சற்றே விலக்கிவைக்கிறது. மலிவான அச்சில் ஒரு நிறத்தின் பிளேட் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் தாளில் சிவப்பும் நீலமும் தனித்தனியாக விழும் அல்லவா, அதே தோற்றம். சோதிக்க எளிய வழி இருக்கிறது. பேசிக்கொண்டிருப்பவரின் கண்ணைப் பாருங்கள். கண் தெளிவாகவும், பின்னால் உள்ள கட்டடமோ விளக்கோ இரட்டையாகவும் தெரிந்தால் எல்லாம் சரி. பேசுபவரின் முகமே எல்லாக் காட்சிகளிலும் இரட்டையாகத் தெரிந்தால் உங்கள் திரையிலோ கோப்பிலோ கோளாறு.

ஃப்ரேமை எண்ணுவது

இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். விநாடியின் 24 ஃப்ரேமிலும் புதிய நிலை இருந்தால் அனிமேட்டர்கள் அதை ‘ஆன் ஒன்ஸ்’ என்பார்கள். ஒவ்வொரு நிலையும் இரண்டு ஃப்ரேம் நின்றால், அதாவது விநாடிக்கு 12 நிலைகள் என்றால், அது ‘ஆன் டூஸ்’. முதலாவது வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டாவதில் ஒரு வெட்டு இருக்கும், காமிக்ஸ் கட்டங்களைப் புரட்டுவதுபோல.

பெரும்பாலான ஓடிடி செயலிகளில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர முடியாது. டிஸ்கிலிருந்தோ கோப்பிலிருந்தோ பார்ப்பவர்கள் விஎல்சி பிளேயரில் படத்தை நிறுத்திவிட்டு ஆங்கில ‘இ’ பொத்தானைத் தட்டினால் ஒரு தட்டலுக்கு ஒரு ஃப்ரேம் நகரும். யூடியூபில் உள்ள அதிகாரபூர்வக் காட்சித் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் நிறுத்திவைத்து முற்றுப்புள்ளிப் பொத்தானைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் முன்னே போகும், காற்புள்ளிப் பொத்தான் பின்னே கொண்டுவரும்.

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஆள் ஆளுக்கு வெட்டி ஏற்றிய வீடியோக்கள் பல விநாடிக்கு 30 ஃப்ரேம் கொண்டவை. 24-ஐ 30 ஆக்கும்போது சில ஃப்ரேம்கள் இரண்டு முறை வந்துவிடும். அதை எண்ணினால் ‘ஆன் ஒன்ஸ்’ அசைவும் இடையிடையே ‘ஆன் டூஸ்’ போலத் தோன்றும். யூடியூப் வீடியோமீது வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால் ஃப்ரேம் வேகம் தெரியும். 24 இருந்தால் மட்டும் எண்ணுங்கள். இன்னொன்று: ஆள் அசையாமல் நின்றாலும் கேமரா நகர்வதால் பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறக்கூடும். ஆகவே பின்னணியை விட்டுவிட்டு ஒரே ஒரு உறுப்பை, உதாரணமாக முழங்கையை, உடம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண்ண வேண்டிய இடம், படத்தின் நடுப்பகுதியில் அல்கெமாக்ஸ் ஆய்வகத்திலிருந்து மைல்ஸும், வேறொரு உலகத்திலிருந்து வந்த அனுபவசாலி ஸ்பைடர்-மேனான பீட்டர் பி. பார்க்கரும் பனிக்காட்டுக்குள் தப்பி ஓடும் காட்சி. மைல்ஸ் முதன்முறையாக வலை வீசி ஊஞ்சலாடக் கற்பது அங்கேதான். இருவரும் ஒரே சட்டகத்தில் வரும் ஷாட்டில் நிறுத்திவிட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். பீட்டரின் கை தட்டும்போதெல்லாம் இடம் மாறும். மைல்ஸின் கை ஒரு தட்டலுக்கு மாறும், அடுத்த தட்டலுக்கு அப்படியே நிற்கும், மறுபடி மாறும். ஒரே காற்றில், ஒரே காட்டில், ஒருவனுக்கு இருபது வருடப் பழக்கம். இன்னொருவனுக்கு உடம்பு இன்னும் வசப்படவில்லை. ‘நீ இன்னும் தயாராகவில்லை’ என்று பீட்டர் பின்னால் சொல்லப்போவதை இந்த ஷாட் முன்னாலேயே காட்டிவிடுகிறது.

இதை ஒரு சட்டமாக்கிவிடாதீர்கள். ‘படம் முழுக்க மைல்ஸ் டூஸ், கட்டடத்திலிருந்து குதித்த பிறகு ஒன்ஸ்’ என்று சுருக்கிச் சொல்வது ரசிகர்களிடையே பரவலான பழக்கம். உண்மையில் அனிமேட்டர்கள் ஷாட்டுக்கு ஷாட், சில நேரம் ஒரே ஷாட்டுக்குள்ளேயே இரண்டையும் கலந்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்த ஷாட்டைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

விரல் நுனியைத் தொடர்ந்து போங்கள்

மைல்ஸைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைத் தொடரலாம் என்றால், அவன் கைகளில் உள்ள ஒட்டும் சக்தியைத் தேர்ந்தெடுங்கள். பள்ளியில் அவன் கை க்வென்னின் முடியில் ஒட்டிக்கொள்கிறது, கடைசியில் முடியை வெட்டித்தான் எடுக்கவேண்டியிருக்கிறது. ஆய்வகத்தின் கூரையில் ஒட்டிக்கொண்டு விடுபட முடியாமல் திணறும்போது, உடம்பைத் தளரவிடு என்பதுதான் பீட்டர் அவனுக்குச் சொல்லும் வழி. அதாவது பதற்றம் வந்தால் விரல் ஒட்டும், மனம் இளகினால் விடும். இந்த விதியைப் படம் விளக்கிச் சொல்வதே இல்லை, காட்டிக்கொண்டே வருகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, படத்தின் பெரும்பகுதி ஓடிய பிறகு வரும் அந்தக் குதிப்பைப் பாருங்கள். உயரமான கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் மைல்ஸ் குந்தியிருக்கிறான். குதிக்கிறான். அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். விரல் நுனிகளோடு கண்ணாடியும் உடைந்து பெயர்ந்து வருகிறது. ஒட்டிய விரல் இன்னும் விடவில்லை. பயம் போய்விட்டதால் அவன் குதிக்கவில்லை. பயம் விரலில் இருக்கும்போதே குதிக்கிறான். அடுத்து கேமரா தலைகீழாகத் திரும்ப, கீழே விழுகிறவன் திரையில் மேலே எழுகிறான். இந்த வகைப் படங்களில் தைரியத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய காட்சி வேறு இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

இதற்கு முன்பு அவன் ஒரு முறை குதிக்கப் போய், உயரத்தைப் பார்த்துப் பயந்து, வேறொரு சின்னக் கட்டடத்துக்கு இறங்கி வந்து, அவிழ்ந்து கிடந்த ஷூ கயிறு தடுக்கி விழுகிறான். விழுந்ததில் உலகைக் காப்பாற்ற வேண்டிய கருவியும் உடைந்துபோகிறது. கயிறு அவிழ்ந்திருப்பது தெரியும், அது என் விருப்பம் என்று படத்தின் தொடக்கத்திலேயே அவன் சொல்லியிருப்பான். இரண்டு குதிப்புகளையும் ஒன்றை அடுத்து ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் மொத்தப் படமும் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

வசனம், சத்தம், எழுத்து

இவற்றை ஒரு முறை தனியாகக் கவனித்தால் போதும். சிலந்தி கடிக்கும் வரை மைல்ஸின் எண்ணங்கள் திரையில் எழுத்தாக வருவதில்லை. கடித்த பிறகுதான் காமிக்ஸ் பெட்டிகள் முளைக்கின்றன. ஆய்வகத்திலிருந்து தப்பும் காட்சியில் பேகலை (வளைய வடிவ ரொட்டி) எடுத்து எறியும்போது அதன் பெயரே சத்தத்துக்குரிய எழுத்தாகத் திரையில் விழும், கண் இமைத்தால் தவறிவிடும். டேனியல் பெம்பர்ட்டனின் இசையில் ஆர்க்கெஸ்ட்ராவையே இசைத்தட்டில் பதிந்து, டிஜே பாணியில் ‘ஸ்க்ராட்ச்’ செய்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் தெளிவாகப் பிடிபடும். வில்லனின் அடியாளான ப்ரௌலர் வரும்போதெல்லாம் யானை பிளிறுவது போன்ற ஒரு சத்தம் எழும். அந்த முகமூடிக்குள் இருப்பது மைல்ஸின் அப்பாவுடைய சகோதரர் ஆரன் என்று தெரிந்த பிறகு அதைக் கேட்டால் வயிற்றைப் பிசையும்.

பள்ளித் தேர்வுக் காட்சியைத் தாண்டிவிடாதீர்கள். சரியா தவறா என்று குறிக்கும் தேர்வில் மைல்ஸ் பூஜ்யம் வாங்குகிறான். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே பாதி சரியாக வந்திருக்கும், எல்லாம் தவறாக வேண்டுமென்றால் எல்லா விடையும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியை பிடித்துவிடுகிறார். தன்னிடம் எதிர்பார்ப்பு வைப்பவர்களிடமிருந்து தப்ப அவன் எவ்வளவு கணக்காக உழைக்கிறான் பாருங்கள். அன்று இரவு சுரங்கப்பாதைச் சுவரில் அவன் வரையும் ஓவியத்திலும் எழுத்து அதேதான்: எதிர்பார்ப்புகள் வேண்டாம்.

அம்மா ரியோ பேசும் ஸ்பானிஷுக்கு மொழிபெயர்ப்பு வருவதில்லை. அது குறையல்ல. புரூக்ளினில் இரண்டு மொழி புழங்கும் வீடு அப்படித்தான் இருக்கும் என்று படம் விட்டுவைத்திருக்கிறது. தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்கள் அம்மா வரும் காட்சிகளை மட்டுமாவது மூல ஒலியில் ஒரு முறை கேளுங்கள்.

கருத்தாக எழுதும்போது

‘அருமை’, ‘வேற லெவல்’ என்ற சொற்களுக்குப் பதிலாக ஒரு நேரக் குறிப்பும், அந்த நேரத்தில் திரையில் என்ன நடக்கிறது என்பதும், அது மைல்ஸைப் பற்றி என்ன சொல்கிறது என்பதும் இருக்கட்டும். அப்படி மூன்று இடம் போதும். பத்து எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். மைல்ஸ் 2011-ல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் சாரா பிக்கெல்லியும் காமிக்ஸில் உருவாக்கிய பாத்திரம் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். படம் அவனை இட்டுக்கட்டியது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குறைகளையும் எழுதுங்கள், அப்போதுதான் பாராட்டு எடைபெறும். வில்லன் கிங்பின்னின் உருவம் பிரமாதம். சட்டகத்தையே அடைத்துக்கொள்ளும் ஒரு கறுப்புச் சதுரம். ஆனால் மனைவியையும் மகனையும் இழந்த துயரத்துக்கு ஓரிரு காட்சிக்குமேல் கிடைக்கவில்லை. வேறு உலகங்களின் ஸ்பைடர்களான நுவார், பெனி, ஹாம் மூவரும் தாமதமாக வந்து, சிரிக்க வைத்துவிட்டு விடைபெறுகிறார்கள். இறுதிச் சண்டையின் நிறக் குவியலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே சில ஷாட்டுகளில் தொலைந்துபோகிறது.

2023-ல் வந்த ‘அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்துக்கு இதே முறையைக் கொண்டுபோனால் ஓரிடத்தில் இடிக்கும். அதில் வரும் பங்க் இளைஞன் ஹோபியின் உடம்பு ஒரு வேகத்தில் அசையும், ஜாக்கெட் இன்னொரு வேகத்தில், கித்தார் வேறொரு வேகத்தில். முழங்கையை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. முதலில் முழங்கை, பிறகு ஜாக்கெட்டின் ஓரம், பிறகு கித்தாரின் கழுத்து என்று அதே ஷாட்டை மூன்று முறை ஓட்டித் தனித்தனியாக எண்ண வேண்டும்.