ஏலக்காய் பாக்கெட்டை எடுத்தது யார்?

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் போகிற சாலையில் எங்கள் மளிகைக் கடை. அப்பா காலத்தில் கேட்டதை நாங்களே எடுத்துக் கொடுப்போம், களவுக்கு வழியில்லை. வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் மாற்றிய பிறகுதான் இந்தத் தலைவலி.

கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவு வழியாக ஐயப்ப பக்தர்கள் வண்டி வண்டியாகப் போவார்கள். ஒரு பஸ் நின்றால் நாற்பது பேர் கடைக்குள். போன சீசனில் ஏலக்காய் பாக்கெட்டுகள் குறைந்தபோது சாமிமார் மேல்தான் சந்தேகப்பட்டேன். அந்தப் பாவம் எனக்கு.

சந்தேகப்படுவதற்கு முன் எண்ணுங்கள். கைக்குள் அடங்குகிற, விலை கூடுதலான பத்துச் சாமான் போதும்: ஏலக்காய், முந்திரி, பிளேடு, பேட்டரி, சென்ட் பாட்டில் இப்படி. காலையில், மதியம், நாலு மணிக்கு, ஐந்து மணிக்கு, கடை அடைக்கும்போது எண்ணி, பில் போட்டதைக் கழியுங்கள். இரண்டு வாரத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டது. பஸ்ஸே வராத நாட்களிலும் நாலிலிருந்து ஐந்துக்குள் குறைகிறது. கடைப் பையன் டீக்குப் போக, நான் கல்லாவில் தனியாக இருக்கிற நேரம் அது. இன்னொன்று: கொள்முதல் பில்லில் 20 என்றிருந்த பெட்டியில் 18 பாக்கெட்தான் இருந்தது. அதைத் திருட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன்! சரக்கு இறங்கும்போதே எண்ணிவிடுங்கள்.

அப்புறம் செய்தவை. டீ நேரத்தை மாற்றினேன். ஆறடி அலமாரிகளை நாலரை அடியாக வெட்டினேன். கல்லாவிலிருந்தே தலை தெரிகிறது. மூலையில் உப்பலான வட்டக் கண்ணாடி. முன்வரிசைச் சாமான்களை நேராக இழுத்து வைத்தால், ஒன்று போனாலும் பல் விழுந்த வாய் மாதிரி காட்டிக்கொடுக்கும். பையை வாசலில் வாங்கி டோக்கன் கொடுங்கள், ஆனால் எல்லோரிடமும். வெளியூர்க்காரரிடம் மட்டும் கேட்டால் அது அவமானம். கேமரா வாங்கினேன். அதைவிட அந்தப் படம் ஓடுகிற டிவியை வாசலைப் பார்த்து வைத்ததுதான் வேலை செய்தது.

கேமராவை விட மலிவானது வாய். உள்ளே வருகிறவரிடம் "வாங்க அக்கா, என்ன எடுக்கணும்?", கேரளத்துக்காரர் என்றால் "சேட்டா, எந்தா வேண்டது?" எடுக்க நினைத்து வந்தவருக்கு, தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்பதே போதும்.

மறைப்பதைக் கண்ணால் பார்த்தால் கை வைக்காதீர்கள். "அதுக்கும் சேர்த்து பில் போடட்டுமா?" என்று மெதுவாகக் கேளுங்கள். என்னிடம் பெரும்பாலோர் எடுத்து வைத்துவிட்டார்கள். அறையில் உட்கார வைப்பது, வாட்ஸ்அப்பில் படம் போடுவது வேண்டவே வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை எடுத்து முதல் தடவை தண்டனை பெறுகிறவர், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான். ஆளை அடைத்து வைத்த கடைக்காரர் மேல் அதே சட்டத்தில் தனி வழக்கு வரும்.

நாலு மணிக்கு எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். இப்போதும் வருகிறார். ஏலக்காய் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்கிறார்.