இலையை முதலில் தாளில் போட்டுப் பாருங்கள்

வீட்டில் நாலு பேருக்கு மேல் சாப்பிட வருகிறார்கள் என்றால் முந்தின நாளே ஒரு தாளில் வாழையிலை வரைந்துவிடுவேன். நுனி இடப்பக்கம், கீழ்ப்பாதி சோற்றுக்கு, மேல்பாதி காய்களுக்கு. அப்புறம் எது எங்கே உட்காரும் என்று எழுதிப் பார்ப்பேன். செல்லூர் வீட்டில் பால் காய்ச்சிய அன்று பட்ட பாடுதான் இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது. கத்தரிக்காய் காரக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், வாழைக்காய் வறுவல், சேனைக்கிழங்கு மசாலா என்று தனித்தனியாக எல்லாமே நன்றாகத்தான் வந்திருந்தன. இலையில் சேர்ந்தபோது முழுக்க ஒரே பழுப்பு, ஒரே காரம். பெரியப்பா குழம்புச் சோற்றைப் பாதியில் நிறுத்திவிட்டு மோர் கேட்டார்.

குழம்பை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்கு எதிராக நிற்க வேண்டும். வத்தக்குழம்பு என்றால் புளிப்பு, உறைப்பு, கருநிறம் மூன்றும் வந்துவிட்டன. சுண்டைவத்தல் போட்டால் கசப்பும் சேர்ந்துவிடும். அதற்குப் பக்கத்தில் புளியே இல்லாத, வெளிர்நிறமான ஒன்று வேண்டும். நான் புடலங்காய் கூட்டு வைப்பேன். கால் கிலோ காய்க்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, அரைத்த தேங்காய், சீரகம், ஒரே ஒரு பச்சை மிளகாய். உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். குழம்புச் சோற்றோடு தொட்டுக்கொள்ளும்போது சரியாக இருக்கும். குழம்பும் கூட்டும் குழைவாக இருப்பதால் பொரியல் கடிபட வேண்டும். கேரட், பீன்ஸ் போட்டால் நிறமும் கிடைத்துவிடும். ரசத்தில் புளியைப் பாதியாகக் குறைத்து, பருப்புத் தண்ணீரும் மிளகும் தூக்கலாக விடுங்கள். அவியலை அன்றைக்கு வைக்காதீர்கள், தயிர் சேர்ந்தால் மறுபடியும் புளிப்புதான்.

நிறத்தில் இரண்டு காய்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒன்று பீட்ரூட். அதன் சாறு ஓடிப் பக்கத்தில் இருப்பதையும் சிவப்பாக்கிவிடும். தண்ணீர் வற்றும் வரை வதக்கி, தயிர்ப் பச்சடிக்கு எட்ட வையுங்கள். இன்னொன்று கீரை. மூடி போட்டு வேகவைத்தால் கீரையில் உள்ள புளிப்பு ஆவியோடு போகாமல் உள்ளேயே நின்று பச்சையை மங்கச் செய்துவிடும். திறந்த பாத்திரத்தில் சீக்கிரமாக வேகவைத்து இறக்குங்கள். புளி விட்டுக் கடைவதாக இருந்தால் அதைக் கடைசியில் சேருங்கள்.

துவர்ப்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். எனக்கு வாழைப்பூ இல்லாத விருந்து நிறைவாகவே தோன்றாது. நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. பருப்பு உசிலியாகச் செய்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்காமல் அளவாக நிற்கும். பாகற்காய்க்கு நெல்லிக்காய் அளவு புளியும் ஒரு சின்னத் துண்டு வெல்லமும் போதும். கசப்பை முழுக்கப் போக்கிவிட்டால் அப்புறம் பாகற்காய் எதற்கு? சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியை நினைத்துப் பாருங்கள். மாங்காய், வெல்லம், வேப்பம்பூ, மிளகாய், உப்பு என்று ஐந்து சுவை ஒரே கிண்ணத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கும் இதே கணக்குத்தான். குழம்பும் பழுப்பு, சுக்காவும் கருப்பு, இரண்டிலும் மிளகு. பச்சையாக நறுக்கிய வெள்ளரிக்காயும் சின்ன வெங்காயமும் போட்ட தயிர்ப் பச்சடி இருந்தால் அடுத்த கவளம் புதிதாக இருக்கும்.

காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். எழுதின காய் முற்றலாக இருந்தால் அதே நிறத்தில் வேறொன்றைத் தேடுங்கள், சுவையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பீன்ஸுக்குப் பதில் கொத்தவரங்காய் வாங்கினால் பச்சை சரியாக இருக்கும். ஆனால் அதில் லேசான கசப்பு உண்டு. குழம்பில் ஏற்கெனவே சுண்டைவத்தல் இருக்கிறது என்றால் அவரைக்காயை வாங்கிவிடுங்கள்.